டிஜிட்டல்ல காடு வரைஞ்சா எங்க சொதப்புது? ஒவ்வொண்ணா பாத்து சரிபண்ணலாம்

புதுசா டிஜிட்டல் பெயின்டிங் ஆரம்பிக்கிறவங்க நெறய பேர் மொத படமா காட்டைத்தான் எடுக்குறாங்க, மூஞ்சி வரையணும்னா பயம், மரம்னா கொஞ்சம் கோணலா போனாலும் யாரு கேக்கப்போறான்னு ஒரு தைரியம். ரெண்டு மணி நேரம் கழிச்சு மெசேஜ் வரும், "எல்லாம் பச்சையா இருக்கு, என்னமோ சரியில்ல, எந்த பிரஷ் பேக் (ரெடிமேட் டிஜிட்டல் பிரஷ் தொகுப்பு) வாங்கலாம்?" இதுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான். எதையும் வாங்காதீங்க, மொதல்ல படத்தை கருப்பு வெள்ளைல பாருங்க. காடு படத்துல வர்ற பிரச்சனைல பெரும்பாலானது பிரஷ்ல இருக்காது, கலர்ல கூட இருக்காது, எது வெளுப்பு எது இருட்டுங்கிறதுல இருக்கும்.

கிரிட்டாங்கிற படம் வரையுற சாஃப்ட்வேரை வச்சு சொல்றேன், அது இலவசம், விண்டோஸ் மேக் லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். வேற சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு கீ மட்டும் மாறும், விஷயம் அதேதான். காட்டுக்கு உதாரணமா கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்து சோலைக்காட்டை எடுத்துக்கிறேன். உங்க பிரச்சனை எந்தத் தலைப்புல இருக்கோ அங்க நேரா போங்க, உள்ள காசு செலவில்லாத காரணம் மேல இருக்கும், செலவு வைக்கிறது கீழ இருக்கும், மேல இருந்து ஒவ்வொண்ணா செக் பண்ணிட்டே வாங்க.

## எதுக்கும் முன்னாடி மூணு செக்

கருப்பு வெள்ளை. எல்லா லேயருக்கும் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன கண்ணாடித்தாள் மாதிரி) மேல ஒரு புது லேயர் போட்டு, பக்கெட் டூலால முழுக்க கருப்பு ஊத்துங்க, அந்த லேயரோட பிளெண்டிங் மோடை, அதாவது கீழ இருக்குறதோட எப்படிக் கலக்கணும்ங்கிற செட்டிங்கை, நார்மல்ல இருந்து கலர்னு மாத்துங்க. கீழ இருக்குற படம் கருப்பு வெள்ளை போட்டோவா தெரியும். அந்த லேயரை லாக் பண்ணிடுங்க, இல்லன்னா மறந்துபோய் அதுலயே வரைஞ்சுட்டு உக்காந்திருப்பீங்க. வேணுங்கிறப்போ கண் சின்னத்தை அமுக்கி ஆன் பண்ணலாம், ஆஃப் பண்ணலாம்.

எம் கீ. அமுக்குனா படம் இடம் வலமா திரும்பும். பாக்குறதுக்கு மட்டும்தான், படத்துல ஒண்ணும் மாறாது. ஒரு பக்கமா சாஞ்ச மரம், எல்லாக் கனமும் ஒரே மூலைல குவிஞ்சது எல்லாம் உடனே கண்ணுல படும்.

சின்னதாக்கிப் பாக்குறது. ஜூமைக் குறைச்சு தீப்பெட்டி சைஸுக்குக் கொண்டு வாங்க. அந்த சைஸ்ல காடுன்னு புரியலன்னா பெருசா பாத்தாலும் புரியாது, இலையைக் கூட்டிக் கூட்டி வரையுறதுல பிரயோஜனம் இல்ல.

## "எல்லாமே ஒரே பச்சையா அப்பிக் கெடக்கு"

அதிகமா வர்ற கம்ப்ளைன்ட் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கலாம். கருப்பு வெள்ளை லேயரை ஆன் பண்ணுங்க, என்ன தெரியுதுங்கிறதைப் பொறுத்து வழி பிரியும்.

### கருப்பு வெள்ளைலயும் ஒரே சாம்பல்தான் தெரியுது

அப்போ பச்சை மேல குத்தம் இல்ல, கலரையே இப்ப தொடாதீங்க. பகல் வெளிச்சத்துல வெட்டவெளில நின்னு பாத்தா வானம்தான் ரொம்ப வெளுப்பா இருக்கும், அடுத்து படுத்துக் கெடக்குற தரை, அதுக்கடுத்து மலைச்சரிவு, நட்டுக்க நிக்கிற மரம்தான் இருக்குறதுலயே இருட்டு. வானம் பாக்குற பக்கம் வெளிச்சம் வாங்கும், நின்னுட்டு இருக்குறது வாங்காது. உங்க படத்துல புல்தரையும் மரமும் ஒரே சாம்பல்னா பிரச்சனை அங்கயே முடிஞ்சுபோச்சு.

சரிபண்ண வழி: வானம், தூரத்து மலை, நடு மரம், தரை, முன்னாடி புதர்னு தனித்தனி லேயர்ல வச்சிருந்தீங்கன்னா ஒவ்வொண்ணா எடுத்து கன்ட்ரோல் எல் அமுக்கி லெவல்ஸ்ல இருட்டாக்குங்க, வெளுப்பாக்குங்க. கருப்பு வெள்ளை லேயர் ஆன்லயே இருக்கட்டும். எல்லாத்தையும் ஒரே லேயர்ல வரைஞ்சு வச்சிருந்தா, மேல ஒரு லேயர் போட்டு, அதோட பிளெண்டிங் மோடை இருட்டாக்குற மல்டிப்ளைக்கு மாத்திட்டு, பெரிய பிரஷால மரப்பகுதியை மட்டும் மொத்தமா இருட்டாக்கிப் பாருங்க, பத்து நிமிஷ வேலை. அதுக்கும் வழிக்கு வரலன்னா அந்தப் படத்தை விட்டுட்டு புதுசா நாலே நாலு சாம்பல்ல ஒரு உள்ளங்கை சைஸ் படம் போட்டுட்டு அப்புறம் பெருசுக்கு வாங்க. பழசையே நோண்டிட்டு இருந்தா ராத்திரி போயிடும்.

### கருப்பு வெள்ளைல நல்லா பிரியுது, கலர் வந்தா மறுபடி பச்சைக் குழம்பு

இப்ப குத்தம் கலர்லதான். ஒரு பச்சையை எடுத்து அதுலயே கருப்பு கலந்து நிழல், வெள்ளை கலந்து வெளிச்சம்னு ஓட்டியிருப்பீங்க. போட்டோ ஒண்ணைத் திறந்து கன்ட்ரோல் அமுக்கிட்டு அங்கங்க தொட்டு கலர் எடுத்துப் பாருங்க. ஹியூங்கிறது கலர் வட்டத்துல அது எங்க இருக்குன்னு சொல்ற நம்பர், அதுல 120 தான் சுத்தமான பச்சை, ஆனா இலையைத் தொட்டா பெரும்பாலும் 60க்கும் 100க்கும் நடுவுலதான் விழும், அதாவது மஞ்சள் பக்கம் சாஞ்ச பச்சை. நிழல்ல போய் தொட்டா நீலம் கலந்து இருக்கும், இல்லன்னா பழுப்பா இருக்கும். பட்டுப்புடவைக் கடைல கிளிப்பச்சை, மாந்தளிர், ராமர் பச்சை, பாட்டில் பச்சைன்னு பிரிச்சுப் பிரிச்சு எடுத்துப் போடுற நமக்கு படம்னு வந்தா மட்டும் ஒரே பச்சை போதும்னு ஏன் தோணுதுன்னு தெரியல.

காட்டுல பச்சை இல்லாதது என்னென்ன இருக்குன்னும் தேடுங்க. சோலைல புதுத் தளிர் நெறய மரத்துல சிவப்பா, செம்பு நிறத்துலதான் வரும், மரத்தலைல அங்கங்க துரு பூசுன மாதிரி தெரியும். அடிமரத்துல பாசியும் வெளிறுன சாம்பல் திட்டும் இருக்கும். சீசன்ல ரோடோடென்ட்ரான் மரத்துல ரத்தச் சிவப்புல பூ இருக்கும். கீழ காஞ்ச இலை, செம்மண், கருப்பு ஈரம். படத்துல மூணுல ஒரு பங்கு இந்த மாதிரி கலரா மாறுனாலே மிச்சப் பச்சை தானா அழகாயிடும்.

### கலர் எல்லாம் வேற வேறதான், ஆனா கண்ணைக் குத்துது

சாச்சுரேஷன், அதாவது கலரோட தீவிரம், ஏறிப்போச்சு. ஸ்க்ரீன்ல வெள்ளையா தெரியுற வெளிச்சத்துல 70 சதவீதத்துக்கு மேல பச்சைல இருந்துதான் வருது, அதனால பச்சையை முழுசா ஏத்துனா டியூப்லைட் மாதிரி எரியும். கன்ட்ரோல் யூ அமுக்கி சாச்சுரேஷனை இறக்குங்க, எல்லா லேயரையும் ஒரே அளவுக்கு இறக்காம தூரத்துல இருக்குறதை நல்லா இறக்கிட்டு, எங்க கண்ணு நிக்கணுமோ அந்த ஒரு இடத்துல மட்டும் விட்டு வைங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன செக், ராத்திரில வரைஞ்சீங்கன்னா விண்டோஸ்ல நைட் லைட் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஸ்க்ரீனே மஞ்சளா இருந்தா நீங்க அதை ஈடுகட்ட பச்சையையும் நீலத்தையும் ஏத்திட்டே போவீங்க, காலைல பாத்தா அதிர்ச்சிதான்.

### இது மூணும் சரிபண்ணியும் படம் தட்டையா இருக்கு

இப்ப ஒரு ஆளோட கண்ணு வேணும். நல்லா வரையத் தெரிஞ்சவங்க யாராவது உங்க படத்து மேலயே ஒரு லேயர் போட்டு திருத்திக் காட்டுனா, மாசக்கணக்கா வீடியோ பாத்துப் புரியாதது அரை மணி நேரத்துல புரிஞ்சிடும். காசு குடுத்து கோர்ஸ் சேர்றதா இருந்தா, உங்க படத்தை வாங்கித் திருத்தித் தருவாங்களான்னு கேட்டுட்டு சேருங்க. வெறும் ரெக்கார்டட் வீடியோன்னா வேணாம்.

## "மரம் மரமாவே இல்ல, குச்சி மேல காலிஃபிளவர் வச்ச மாதிரி இருக்கு"

மொதல்ல அடிமரத்தைப் பாருங்க. மேல கீழ ஒரே தடிமன், தரைல பென்சில் நட்டு வச்ச மாதிரி நேரா இறங்குதுன்னா அதுதான் காரணம். அடில விரியணும், வேர் மண்ணைப் பிடிக்கிற இடம் தெரியணும், இல்லன்னா அந்த இடத்தைப் புல்லும் நிழலும் மறைக்கணும். கிளை பிரியப் பிரிய மெலியணும். ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல கிளை விடாதீங்க, ஒண்ணு நம்மளைப் பாத்து வரணும், ஒண்ணு பின்னாடி போகணும்.

ரெஃபரன்ஸ் எதுன்னும் பாத்துக்கோங்க. கொடைக்கானல் பைன் காட்டு போட்டோவை வச்சுக்கிட்டு வரைஞ்சா மரம் நேராத்தான் இருக்கும், வரிசையாவும் இருக்கும், அது மனுஷங்க நட்ட காடு. சோலை மரம் அப்படிக் கிடையாது, குட்டையா, முறுக்கிக்கிட்டு, தலை குடை மாதிரி பரந்து, ஒண்ணோட தலை இன்னொண்ணு மேல சாஞ்சு நிக்கும். பைன் போட்டோ பாத்துட்டு சோலைன்னு பேர் வச்சா வரைஞ்சது தப்பில்ல, பேர்தான் தப்பு.

அடிமரம் சரின்னா அடுத்து இலைக்கூட்டம். ஒவ்வொரு இலையா போடுறவங்க இங்க மாட்டிக்குவாங்க. மரத்தலையை மூணு நாலு பெரிய கட்டியா பிரிங்க, சைஸ் ஒண்ணுக்கொண்ணு வேறயா இருக்கட்டும். ஒவ்வொரு கட்டிக்கும் மேல் பக்கம் வெளிச்சம், அடி பக்கம் இருட்டு. இலை இலையா தெரியணும்னா கட்டியோட ஓரத்துலயும், வெளிச்சமும் இருட்டும் சேர்ற எடத்துலயும் மட்டும் போடுங்க. நடுவுல ஒண்ணும் வேணாம், கண்ணு தானா நிரப்பிக்கும்.

அப்புறம் ஓட்டை. மரத்தலைக்கு நடுவுல வானம் தெரியுற இடைவெளி இருக்கணும், அதுல ரெண்டு மூணுல கிளை குறுக்க போகணும். அந்த ஓட்டைல வானத்தோட அதே கலரை அப்படியே வைக்காதீங்க, ஒரு படி இருட்டா வைங்க. அப்படியே வச்சா காகிதத்தைக் கிழிச்சு ஒட்டுன மாதிரி முன்னாடி துருத்திட்டு நிக்கும்.

இதெல்லாம் பண்ணியும் வரலன்னா சாஃப்ட்வேரை மூடிட்டு வீட்டு வாசல்ல இருக்குற வேப்பமரத்தையோ புங்கமரத்தையோ பேனால பேப்பர்ல போடுங்க. செலவு இல்ல, ஆனா இதை யாரும் பண்றதில்ல.

## "ஆழமே இல்ல, எல்லா மரமும் ஒரே சுவத்துல ஒட்டுன மாதிரி இருக்கு"

செக்: தூரத்து மர லேயரையும் முன்னாடி மர லேயரையும் கருப்பு வெள்ளைல பாருங்க. ரெண்டுலயும் இருக்குற ஆக இருட்டான இடம் ஒரே அளவு கருப்பா இருந்தா காரணம் கிடைச்சாச்சு. தூரம் போகப் போக இருட்டுதான் மொதல்ல வெளுக்கும், நீலமும் சாம்பலும் ஏறும், விவரம் கொறையும்.

ஈஸியான வழி ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தூரத்துக்கும் நடுவுல ஒரு புது லேயர் போட்டு, வானத்துக் கலரை எடுத்து, பெரிய சாஃப்ட் ஏர்பிரஷால ஒப்பாசிட்டியை (எவ்வளவு அழுத்தமா மூடுதுங்கிறது) 15, 20 சதவீதத்துல வச்சு அடில இருந்து மேல லேசா தடவுங்க. அதுதான் மூடுபனி. சோலைக்காட்டுக்கு இது ரொம்பப் பொருந்தும், பள்ளத்துல இருந்து பனி ஏறி வர்றது அங்க அடிக்கடி நடக்குறதுதான். ஆனா பனியை முன்னாடி மரம் மேலயும் தடவிட்டீங்கன்னா மறுபடி எல்லாம் ஒரே தூரத்துக்கு வந்துடும், முன்னாடி இருக்குறதை இருட்டாவே விடுங்க.

பனி போட்டும் ஆழம் வரலன்னா சைஸைப் பாருங்க. முன்னாடி மரம் ஃபிரேமுக்குள்ள முழுசா அடங்கியிருந்தா அது முன்னாடி இல்ல. தலையும் காலும் வெட்டுப்படட்டும், அடிமரம் மட்டும் தெரியட்டும். ஒரு மரமாவது இன்னொண்ணை மறைச்சுக்கிட்டு நிக்கணும்.

வெளிய இருந்து சோலையைப் பாக்குற மாதிரி படம்னா, மலை மடிப்புல பள்ளத்துல மட்டும் காடு, மேல எல்லாம் வெறும் புல், ரெண்டுக்கும் நடுவுல கத்தியால வெட்டுன மாதிரி எல்லை. அந்த எல்லையை மழுப்பாம விட்டாலே பாதி ஆழம் கிடைச்சிடும்.

## "இலை பிரஷ் போட்டது அப்பட்டமா தெரியுது"

கிரிட்டாவோடயே ஸ்டாம்ப்னு பேர் போட்டு புல், இலை பிரஷ் எல்லாம் வருது. அதை அப்படியே இழுத்தா ஒரே இலை ஒரே கோணத்துல வரிசையா விழும். எஃப் 5 அமுக்கி பிரஷ் எடிட்டரைத் திறந்து ரொட்டேஷன்ல ஃபஸி டேப் (Fuzzy Dab, ஒவ்வொரு முத்திரையையும் தாறுமாறா மாத்துறது) ஆன்ல இருக்கான்னு பாருங்க, சைஸ்லயும் அதே, இலையைச் சிதறவிடுற ஸ்கேட்டரைக் கொஞ்சம் ஏத்துங்க. ஹியூ, வேல்யூ ரெண்டுலயும் ஃபஸி டேப்பைக் கொஞ்சூண்டு குடுத்தா ஒவ்வொரு இலையும் சின்ன கலர் வித்தியாசத்தோட விழும். நெறய குடுத்தீங்கன்னா ரங்கோலி ஆயிடும்.

இதுக்கும் சரியாகலன்னா பிரஷை அளவுக்கு மேல தேய்ச்சிருக்கீங்கன்னு அர்த்தம். சாதாரண ரவுண்டு பிரஷால கட்டியான உருவத்தை மொதல்ல போட்டுட்டு, ஸ்டாம்பை ஓரத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க. பிரஷ் பேக் வாங்குறது கடைசிலதான், வாங்குனாலும் இதே பழக்கத்தோட தேய்ச்சா வாங்குன இலையும் அப்பட்டமாத்தான் தெரியும்.

## "வெயில் விழுற மாதிரி வரல"

மூணு காரணம்தான் பாப்பேன். ஒண்ணு, வெளிச்சத்தைச் சுத்தி போதுமான இருட்டு இல்ல. வெயிலைக் கூட்டாதீங்க, சுத்தியிருக்குறதை இறக்குங்க. ரெண்டு, வெயில் படம் முழுக்க பரவிக் கெடக்கு, அப்படி இருந்தா ஒரே ஒரு திட்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை மூடிடுங்க. மூணு, திட்டோட வடிவம். இலை இடைவெளி வழியா தரைல விழுற வெயில் இலை வடிவத்துல விழாது, வட்டமாத்தான் விழும், ஒவ்வொரு திட்டும் சூரியனோட பிம்பம். தரை படுத்திருக்கிறதால நம்ம கண்ணுக்கு நசுங்குன முட்டை வடிவமா தெரியும், தூரம் போகப் போக இன்னும் நசுங்கும். முக்கோணமும் நட்சத்திரமுமா போட்டு வச்சிருந்தா அதனாலதான் பொய்யா தெரியுது.

பின்னாடி இருந்து வெயில் படுற இலை மஞ்சப் பச்சையா எரியும். அதுக்கு கீழ இருக்குற கலரைப் பளிச்சுனு ஆக்குற கலர் டாட்ஜ் மோடுல ஒரு லேயர் போடலாம், ஆனா ஒப்பாசிட்டியைப் பாதிக்குக் கீழ வைங்க, டாட்ஜ் கைமீறிப் போனா நியான் போர்டு ஆயிடும்.

## "கலர் அழுக்கா, சேறா இருக்கு"

பெரும்பாலும் பிளெண்ட் பிரஷ். ஒவ்வொரு ஓரத்தையும் குழைச்சுக் குழைச்சு தேய்க்கிறதை நிறுத்துங்க, ஒரு படத்துல கூர்மையான ஓரமும் வேணும். நிழலுக்கு சுத்தக் கருப்பு எடுத்திருந்தா அதை கரும்பச்சையாவோ கரும்பழுப்பாவோ மாத்துங்க. அவ்வளவுதான், இதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல.

## "மரத்துக்குள்ள மட்டும் நிழல் போடணும், ஆனா வெளிய வழியுது"

கிரிட்டாவுல இன்ஹெரிட் ஆல்ஃபாவை (கீழ வரைஞ்ச இடத்துக்குள்ள மட்டும் தெரிய வைக்கிறது) ஆன் பண்ணியும் வழியுதேன்னு கேப்பாங்க. அது கீழ இருக்குற ஒரு லேயரை மட்டும் பாக்காது, அந்த குரூப்ல கீழ இருக்குற எல்லா லேயரையும் சேத்துப் பாக்கும். அடில வானம் முழுக்க நிரப்பி வச்சிருந்தா எல்லா இடமும் அனுமதிதான். மரமும் நிழலும் மட்டும் ஒரு குரூப்புக்குள்ள போகணும். மர லேயரை செலக்ட் பண்ணிட்டு கன்ட்ரோல் ஷிஃப்ட் ஜி அமுக்குனா குரூப்பும் நிழல் லேயரும் அதுவே ரெடி பண்ணிக் குடுத்துடும்.

## "பேனா வச்சா கோடே விழல"

கம்ப்யூட்டர்ல மாட்டி பேனாவால வரையுற டேப்லெட் கெட்டுப்போச்சுன்னு பயப்படுறதுக்கு முன்னாடி மவுஸால வரைஞ்சு பாருங்க, வழி இங்கதான் பிரியுது.

### மவுஸ்லயும் விழல

சாஃப்ட்வேருக்குள்ளதான் பிரச்சனை. வரிசையா பாருங்க: லேயர் லாக் ஆகியிருக்கா, கண் சின்னம் ஆஃபா, குரூப் லேயர் மேல நிக்கிறீங்களா, ஆல்ஃபா லாக் (காலி இடத்துல கோடு விழாம தடுக்குறது) ஆன்ல இருக்கா. அப்புறம் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அமுக்குங்க, எங்கயோ ஒரு மூலைல செலக்‌ஷன் இருந்தா அதுக்கு வெளிய கோடு விழாது, அதைச் சுத்தி ஓடுற புள்ளிக்கோடு கன்ட்ரோல் எச் தெரியாம பட்டு மறைஞ்சிருக்கலாம். அடுத்து இங்கிலீஷ் ஈ கீ, அது அழிப்பான் மோடு, சைஸ் மாத்தப் போய் கை பட்டிருக்கும். இதுக்கெல்லாம் மசியலன்னா பிரஷ் ஒப்பாசிட்டி, ஃப்ளோ ரெண்டையும் பாத்துட்டு பிரஷை ரீலோடு பண்ணுங்க. இந்த லிஸ்ட்டைத் தாண்டிப் போன கேஸ் ரொம்பக் கம்மி.

### மவுஸ்ல விழுது, பேனால விழல இல்ல அழுத்தம் தெரியல

1. டேப்லெட் ஒயரைக் கழட்டி வேற யுஎஸ்பி போர்ட்ல மாட்டுங்க. ஹப் வழியா மாட்டியிருந்தா நேரா லேப்டாப்ல மாட்டுங்க.
2. கிரிட்டா செட்டிங்ஸ்ல டேப்லெட் பக்கத்துல விண்டோஸ்ல மட்டும் வின்டேப், விண்டோஸ் இங்க்னு பேனாவைப் படிக்கிற ரெண்டு வழி இருக்கும். இப்ப எதுல இருக்கோ அதுக்கு எதிரானதுக்கு மாத்திட்டு, கிரிட்டாவை மூடித் திறங்க. மூடாம செக் பண்ணிட்டு வேலை செய்யலன்னு சொல்லாதீங்க.
3. அதே பக்கத்துல டேப்லெட் டெஸ்டர் இருக்கு, அதுல கோடு போட்டா அழுத்தம் நம்பரா ஓடும். நம்பர் மாறுதுன்னா பேனா நல்லாத்தான் இருக்கு, பிரஷ்ல அழுத்தம் ஆஃப்ல இருக்கு. மாறவே இல்லன்னா டிரைவர்.
4. பழைய டிரைவரை முழுசா எடுத்துட்டு, கம்பெனி சைட்ல இருந்து புதுசு போடுங்க. வேற கம்பெனி டேப்லெட் முன்னாடி வச்சிருந்தீங்கன்னா அந்த டிரைவரையும் எடுத்துடணும், ரெண்டும் ஒண்ணா இருந்தா சண்டைதான்.
5. நிப் தேஞ்சு சாஞ்சுபோச்சான்னு பாருங்க. பாக்ஸ்லயே ஸ்பேர் நிப் இருக்கும், நெறய பேர் பாக்ஸைத் தூக்கிப் போட்டுடுறாங்க.

வேற கம்ப்யூட்டர்ல மாட்டியும் இதே கதைன்னா சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய நேரம். வாரன்டி பேப்பர் இருக்குன்னா பேனாவை நீங்களே பிரிக்காதீங்க.

கோடு ஆரம்பிக்கிறப்போ ஒரு சின்ன வட்டம் சுத்திட்டு அப்புறம்தான் விழுதுன்னா, அது விண்டோஸோட வேலை, பேனாவை அழுத்திப் பிடிச்சா ரைட் கிளிக்னு எடுத்துக்குது. கன்ட்ரோல் பேனல்ல பென் அண்ட் டச் போய் அதை ஆஃப் பண்ணுங்க.

## "கை ஒரு பக்கம் போகுது, கோடு பின்னாடி மெதுவா வருது"

மொத செக்குக்கு ஒரு பைசா செலவில்ல. டூல் ஆப்ஷன்ஸ்ல பிரஷ் ஸ்மூத்திங் ஸ்டெபிலைசர்ல இருக்கான்னு பாருங்க. அது வேணும்னே கோட்டை லேட்டா போடும், கம்ப்யூட்டர் ஸ்லோன்னு நெனச்சு ரேம் வாங்கப் போனவங்க இருக்காங்க. பேசிக்குக்கு மாத்துங்க.

அடுத்து பிரஷ். 800 பிக்சல் சைஸ்ல ஸ்டாம்ப் பிரஷை இழுத்தா எந்த மெஷினும் திணறும், ஒரு முத்திரைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்குற ஸ்பேசிங்கைக் கூட்டுங்க.

அடுத்து கேன்வாஸ். ஏ4 பேப்பர் 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல். 8 பிட் கலர்ல அது நிரம்புன ஒரு லேயருக்கு கிட்டத்தட்ட 33 எம்பி ரேம் எடுக்கும், 30 லேயர் வச்சா ஒரு ஜிபி, 16 பிட்ல போட்டா ரெண்டு ஜிபி, இதுல அன்டூவுக்கு எடுக்குறது தனி. கிரிட்டா வழக்கமா ரேம்ல பாதியைத்தான் எடுத்துக்கும், 4 ஜிபி லேப்டாப்ல பிரவுசரும் ஓடிட்டு இருந்தா கதை கந்தல். பழகுறதுக்கு வரையுறீங்கன்னா 8 பிட் போதும், முடிஞ்ச லேயரை எல்லாம் மெர்ஜ் பண்ணுங்க, மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி வேற பேர்ல ஒரு காப்பி சேவ் பண்ணிக்கோங்க. செட்டிங்ஸ்ல பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல மெமரி லிமிட்டையும் ஏத்திப் பாக்கலாம்.

இவ்வளவும் பண்ணியும் டாஸ்க் மேனேஜர்ல ரேம் நிரம்பியே நிக்குதுன்னா அப்ப ரேம் போடலாம். சில லேப்டாப்ல ரேம் போர்டோடயே ஒட்டியிருக்கும், ஏத்த முடியாது, அதனால ஆன்லைன்ல ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி சர்வீஸ் கடைல மாடல் நம்பரைக் காட்டிக் கேட்டுக்கோங்க.

## "நான் எதுவுமே பண்ணல, திடீர்னு இப்படி ஆயிடுச்சு"

- கலர் எல்லாம் மங்கிப்போச்சுன்னா கன்ட்ரோல் ஒய் அமுக்கியிருப்பீங்க. மத்த சாஃப்ட்வேர்ல அது ரீடூ, கிரிட்டாவுல அது பிரின்ட்ல எப்படி இருக்கும்னு காட்டுற சாஃப்ட் ப்ரூஃப். மறுபடி அமுக்குனா சரியாயிடும். ரீடூக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் இசட்.
- படம் டைல்ஸ் மாதிரி நாலு பக்கமும் ரிப்பீட் ஆகுதுன்னா டபிள்யூ கீ பட்டிருக்கு, திரும்ப அமுக்குங்க.
- பேனல், மெனு எல்லாம் காணாமப் போச்சுன்னா டேப் கீ.

## "ஃபைல் திறக்கல, படம் போச்சு"

கிரிட்டா நின்னுபோய் திரும்பத் திறக்குறப்போ ஆட்டோசேவ் இருக்கு, மீட்கவான்னு கேக்கும். அவசரத்துல வேணாம்னு அமுக்கிடாதீங்க. கேக்கலன்னா படம் இருந்த ஃபோல்டர்ல அதே பேர்ல கடைசில அலைக்குறி போட்ட ஒரு ஃபைல் இருக்கும், அது முந்துன தடவை சேவ் பண்ணதோட பேக்கப். காப்பி எடுத்து அந்தக் குறியை நீக்கிட்டுத் திறந்து பாருங்க.

அதுவும் இல்லன்னா இன்னொரு வழி. கிரிட்டாவோட கேஆர்ஏ ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல்தான். காப்பி எடுத்து கடைசி எழுத்துகளை ஜிப்னு மாத்தி விரிச்சுப் பாத்தா உள்ள மெர்ஜ்ட் இமேஜ்னு ஒரு பிஎன்ஜி இருக்கும், லேயர் எல்லாம் போனாலும் முழுப் படம் அதுல ஒட்டுமொத்தமா கிடைக்க வாய்ப்பிருக்கு. ஜிப்பும் திறக்கலன்னா, ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுதா, மத்த ஃபைலும் இப்படி ஆகுதான்னு பாருங்க. ஆமான்னா அதுல புதுசா எதையும் எழுதாம மெஷினை ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, நீங்களா ஏதாவது ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டு நோண்டுனா இருக்குறதும் போயிடும்.

## "என் ஸ்க்ரீன்ல நல்லா இருந்துச்சு, போன்லயும் பிரின்ட்லயும் வேற மாதிரி இருக்கு"

### போன்ல

போன்ல டிஸ்ப்ளே மோடு விவிட்ல இருந்தா பச்சை தூக்கலாத்தான் தெரியும், நேச்சுரலுக்கு மாத்திப் பாருங்க. அப்பவும் வித்தியாசம்னா எக்ஸ்போர்ட் பண்றப்போ எஸ்ஆர்ஜிபிக்கு (எல்லா ஸ்க்ரீனுக்கும் பொதுவான கலர் அளவு) மாத்துற ஆப்ஷனை டிக் பண்ணுங்க. வாட்ஸப்ல அனுப்பிப் பாத்துட்டு மங்கலா இருக்குன்னு சொன்னா அது கம்ப்ரஷன், டாக்குமென்டா அனுப்புங்க.

### பிரின்ட்ல

மொதல்ல அளவு. 1920க்கு 1080ல வரைஞ்ச படம் 300 டிபிஐல வெறும் 6.4 இன்ச் அகலம்தான் வரும். ஏ3ல ஃபிரேம் போடணும்னா 3508க்கு 4961 வேணும், அது ஆரம்பிக்கும்போதே முடிவு பண்ணியிருக்கணும், அப்புறமா இழுத்துப் பெருசாக்குனா இலை எல்லாம் பஞ்சு ஆயிடும்.

அடுத்து இருட்டு. காட்டுப் படம் பிரின்ட்ல எப்பவும் ஸ்க்ரீனை விட இருட்டாத்தான் வரும், நிழலுக்குள்ள நீங்க கஷ்டப்பட்டுப் போட்ட வேர், பாசி எல்லாம் ஒரே கருப்பாப் போயிடும். பிரின்டுக்குன்னு ஒரு காப்பி எடுத்து லெவல்ஸ்ல நடு முக்கோணத்தை இடது பக்கம் கொஞ்சம் தள்ளி நிழலைத் தூக்குங்க. ஸ்க்ரீன் பிரைட்னஸை முழுசா வச்சு வரையுறவங்களுக்கு இந்தப் பிரச்சனை இன்னும் மோசமா இருக்கும்.

கிளிப்பச்சை மங்கி வருதுன்னா கடைக்காரர் ஏமாத்தல, நாலு மை வச்சு அடிக்கிற மெஷின்ல ஸ்க்ரீன்ல எரியுற பச்சை வராது, அந்த மையால முடியாது. இப்பதான் கன்ட்ரோல் ஒய் உபயோகம், அமுக்குனா எது மங்கப்போகுதுன்னு முன்னாடியே ஓரளவுக்குத் தெரியும்.

விக்கிறதுக்கோ கண்காட்சிக்கோ பெரிய சைஸ்ல போடுறீங்கன்னா பக்கத்து ஃபிளெக்ஸ் கடைல குடுக்காதீங்க, ஆர்ட் பிரின்ட் அடிக்கிற லேப்ல போய் எந்தப் பேப்பர், எந்த ப்ரொஃபைல் (அந்த மெஷின்ல கலர் எப்படி வரும்னு சொல்ற ஃபைல்)னு கேட்டு, அந்த ப்ரொஃபைலை வாங்கிட்டு வந்து கிரிட்டாவுல போட்டுப் பாருங்க. முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி படத்துல ஆக இருட்டான ஒரு மூலையையும் ஆக வெளிச்சமான ஒரு மூலையையும் மட்டும் ஏ4ல ஒரு டெஸ்ட் பிரின்ட் போட்டுக் குடுங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் போட்டுக் குடுத்துடுவாங்க, அந்தத் துண்டை டியூப்லைட்ல பாக்காம பகல் வெளிச்சத்துல வெளிய எடுத்துட்டு வந்து பாத்துட்டு ஆர்டர் சொல்லுங்க.